இணைப்பிற் பிறக்கும் பிழை

தேன் நல்லது, நெய்யும் நல்லது. ஆயினும் இவ்விரண்டையும் சம அளவிற் கலந்து உண்ணலாகாது என்பர் நாட்டு வைத்தியர். அக்கூற்று இன்றைய மருத்துவ ஆராய்ச்சிக்கு எவ்வளவு தாங்கும் என்பது வேறு விடயம். அதனுள் பொதிந்து கிடக்கும் கருத்தே ஈண்டுக் கவனிக்கத்தக்கது. தனித்தனியே குற்றமற்ற இரு பொருள்கள் ஒன்றுசேரும்போது, இரண்டிலும் இல்லாத ஒரு குற்றம் அச்சேர்க்கையிலே தோன்றக்கூடும். கணினிகளுக்குச் செய்நிரல் எழுதுவோர் இவ்வுண்மையைப் பல இன்னல்களுக்குப் பின்னரே உணர்ந்தனர்.

கணினியை அறியாதவர்க்கும் தொலைபேசி பழக்கமான பொருளாதலின், முதலில் அதிலிருந்து ஓர் உதாரணத்தைக் காண்போம். ஒருவர் பேசிக்கொண்டிருக்கையில் வேறொருவர் அழைத்தால், மெல்லிய ஓசையொன்றினால் அதனை அறிவித்து, அழைத்தவரைக் காத்திருக்கச் செய்யும் வசதி ஒன்றுண்டு. பேசிக்கொண்டிருக்கும்போது வரும் அழைப்பை வேறோர் இலக்கத்துக்குத் திருப்பிவிடும் வசதி இன்னொன்று. இரண்டும் பயனுள்ளவை. ஆனால் இரண்டையும் ஒருவரே பெற்றுக்கொண்டால், அவர் பேசும்போது வருகின்ற அழைப்பு காத்திருக்க வேண்டுமா, திரும்பிச் செல்ல வேண்டுமா? இரு வசதிகளும் ஒரே கணத்தில் ஒரே அழைப்புக்கு உரிமை கோருகின்றன. தீர்ப்பளிக்கும் விதியோ எவ்வசதியிலும் எழுதப்படவில்லை.

இதனினும் நுட்பமான சிக்கல் ஒன்றுண்டு. தமது வீட்டிலிருந்து ஒரு குறிப்பிட்ட இலக்கத்துக்கு எவரும் பேசாதிருக்க வேண்டுமென்று ஒருவர் தடை விதிக்கின்றார். ஆனால் அவ்வீட்டார் அழைக்கும் நண்பரொருவர், தமக்கு வரும் அழைப்புகளையெல்லாம் அத்தடை செய்யப்பட்ட இலக்கத்துக்கே திருப்பி வைத்திருக்கின்றார். நண்பரை அழைத்தவுடன் தடுக்கப்பட்ட இணைப்பு கிடைத்துவிடுகின்றது. தடை விதித்தவரும் பிழை செய்யவில்லை. நண்பரும் பிழை செய்யவில்லை. இருந்தும் தடை பயனற்றுப் போயிற்று. தொலைபேசி நிலையங்கள் கணினியின் ஆட்சிக்கு உட்பட்டு, புதுப்புது வசதிகள் பெருகிய காலத்தில் இத்தகைய சிக்கல்களும் பெருகின. இவற்றை மாத்திரமே ஆராய்வதற்காக 1992ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலே சர்வதேச ஆய்வரங்கொன்று கூடியது.

இனிக் கணினிச் செய்நிரலுக்கு வருவோம். ஒரு வங்கியின் செய்நிரலை எண்ணிப் பார்க்கலாம். ஒரு கணக்கிலிருந்து மற்றொரு கணக்குக்குப் பணத்தை மாற்றுவது அதன் மூலக் கருமம். ஆனால் அம்மூலக் கருமத்தைச் சூழ வேறு பல கருமங்கள் நிற்கின்றன. கேட்பவர் கணக்குக்குரியவர்தாமா என்று சோதித்தல் வேண்டும். நிகழ்ந்தவற்றை ஒரு குறிப்பேட்டிற் பதிதல் வேண்டும். இரகசியமான விவரங்களைப் பிறர் படிக்க இயலாதவாறு மறைத்தல் வேண்டும். இடையில் இணைப்பு அறுந்தால் மீண்டும் முயலுதல் வேண்டும். பணம் மாற்றுமிடத்தில் மட்டுமன்றி, கணக்குத் திறக்குமிடம், கடன் வழங்குமிடம், மீதி காட்டுமிடம் ஆகிய எல்லா இடங்களிலும் இவை தேவைப்படுகின்றன. ஆகவே ஒரே வகையான வரிகள் செய்நிரல் முழுவதிலும் நூற்றுக்கணக்கான இடங்களிற் சிதறிக் கிடக்கும். குறிப்பேட்டின் அமைப்பிலே சிறியதொரு மாற்றம் செய்வதாயினும், அவ்விடங்கள் அத்தனையையும் தேடித் திருத்த வேண்டியதாகும். ஓரிடம் தவறினும் தவறே.

ஒவ்வொரு கருமத்தையும் தனியே பிரித்து, ஒரு வேளையில் ஒன்றையே சிந்தித்தல் வேண்டும் என்ற கொள்கையை 1974ஆம் ஆண்டிலே ஒல்லாந்து நாட்டுக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா தெளிவாக எடுத்துரைத்தார். அக்கொள்கைக்கு ஒரு புதிய கருவியை அளித்தவர்கள், கலிபோர்னியாவில் செரொக்ஸ் நிறுவனம் நடத்திய பாலோ அல்ரோ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கிரெகர் கிசாலிஸ் என்பவரும் அவருடைய துணைவர்களும் ஆவர். 1997ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டில் நடைபெற்ற மாநாடொன்றில் அவர்கள் தங்கள் முறையை வெளியிட்டனர். அதனைத் தமிழில் அம்சநோக்குச் செய்நிரலாக்கம் எனலாம்.

அம்முறையின் சாரம் எளிது. பல இடங்களை ஊடறுத்துச் செல்லும் கருமம் ஒவ்வொன்றும் ஓர் அம்சமாகத் தனியே எழுதப்படும். ஒவ்வோர் அம்சமும் இரு பகுதிகளை உடையது. யாது செய்ய வேண்டும் என்பது ஒரு பகுதி. எவ்வெவ்விடங்களில் அதனைச் செய்ய வேண்டும் என்பது மற்றப் பகுதி. ‘கணக்கு மீதியை மாற்றும் ஒவ்வொரு செயலுக்கும் முன்னர்’ என்று ஒரு விதி எழுதினாற் போதும். அவ்விடங்களையெல்லாம் தேடிக் கண்டு, அம்சத்தை அங்கங்கே சேர்க்கும் வேலையை வேறொரு செய்நிரல் பார்த்துக்கொள்ளும். அச்சேர்க்கைக்கு இத்துறையினர் இட்ட பெயர் நெசவு என்பதாகும். மூலச் செய்நிரல் பாவு, அம்சங்கள் ஊடை. ஜாவா மொழிக்கு இம்முறையை அளித்த ஆஸ்பெக்ட்-ஜே என்னும் கருவியின் முதலாம் பதிப்பு 2001ஆம் ஆண்டில் வெளிவந்தது. வர்த்தக நிறுவனங்களின் செய்நிரல்களிற் பெரிதும் கையாளப்படும் ஸ்பிரிங் என்னும் கட்டமைப்பும் இம்முறையைத் தன்னகத்தே கொண்டுள்ளது.

சிதறிக் கிடந்தவை ஓரிடத்தில் ஒழுங்காயின. அது பெரும் நன்மை. ஆயினும் நெசவிலே ஒரு புது அபாயமும் புகுந்தது. மூலச் செய்நிரலைப் படிப்பவருக்கு அம்சங்கள் கண்ணிற் படுவதில்லை. ஓர் அம்சத்தை எழுதுபவர் மற்றோர் அம்சத்தை எழுதியவரை அறியாதிருக்கலாம். அவரவர் தத்தம் பகுதியைத் தனியே பரிசோதித்து, குற்றமில்லை என்று கையொப்பமிடலாம். அவர்களுட் பொய் கூறியவர் எவருமில்லை. ஆனால் இரண்டும் ஒரே துணியில் நெய்யப்படும்போது ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுக்கக்கூடும். இதுவே அம்சங்களின் குறுக்கீடு எனப்படுவது. இக்குறுக்கீடு பலவகைப்படும். அவற்றுள் நான்கினை அறிந்துகொண்டால் ஏனையவற்றை ஊகித்தறிதல் கடினமன்று.

முதலாவது, முறைவரிசையால் நேரும் குறுக்கீடு. குறிப்பேட்டிற் பதியும் அம்சமும் இரகசியத்தை மறைக்கும் அம்சமும் ஒரே இடத்திற் செயற்படுகின்றன என்று கொள்வோம். முதலில் மறைத்து, பின்னர் பதிந்தால் நன்று. முதலிற் பதிந்து, பின்னர் மறைத்தால், மறைக்கப்பட வேண்டிய இரகசியம் குறிப்பேட்டிலே பட்டவர்த்தனமாக எழுதப்பட்டுவிடும். இது வெறுங் கற்பனையன்று. 2018ஆம் ஆண்டு மே மாதம் 3ஆந் திகதி, அக்காலத்தில் டுவிட்டர் எனப் பெயர் பெற்றிருந்த அமெரிக்க நிறுவனம் ஓர் அறிவித்தல் விடுத்தது. பயனாளரின் கடவுச்சொற்களை மீட்டெடுக்க இயலாத வேறோர் எழுத்துத் தொடராக மாற்றிச் சேமிப்பது அந்நிறுவனத்தின் வழக்கம். ஆனால் அம்மாற்றம் முடிவதற்கு முன்னரே கடவுச்சொற்கள் நிறுவனத்தின் உட்குறிப்பேடு ஒன்றிற் பதியப்பட்டுவிட்டன. தவறாகப் பயன்பட்டமைக்கு அடையாளம் எதுவும் இல்லை என்று அந்நிறுவனம் கூறியபோதிலும், தனது 33 கோடிப் பயனாளரும் கடவுச்சொல்லை மாற்றுவது பற்றிச் சிந்திக்குமாறு கேட்டுக்கொண்டது. அந்நிறுவனம் அம்சநோக்கு முறையைத்தான் கையாண்டது என்று இதனாற் கொள்ள வேண்டுவதில்லை. ஆயினும் பிழையின் வடிவம் இதுவே. பதிவதும் நற்செயல், மறைப்பதும் நற்செயல். எது முந்துவது என்பதிலேதான் கேடு விளைந்தது.

இரண்டாவது, ஒன்று மற்றொன்றைச் செயற்படவொட்டாது தடுத்தல். விரைவுக்காக, ஒருமுறை ஆக்கிய விடையைச் சேமித்து வைத்து, அதே கேள்வி மீண்டும் வரும்போது அச்சேமிப்பிலிருந்தே விடையளிக்கும் அம்சம் ஒன்றுண்டு. கேட்பவர் யார் என்று சோதிக்கும் அம்சத்துக்கு முன்னால் இது நின்றுவிட்டால், ஒருவருக்கென ஆக்கிய விடை மற்றொருவர் கைக்குச் சென்றுவிடும். சோதனை அம்சம் பழுதுறவில்லை. அதனிடம் எவரும் கேட்கவே இல்லை. 2015ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று, கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் என்னும் இணையத்தளத்தில் இத்தகைய நிகழ்ச்சி நேர்ந்தது. அன்று அத்தளத்தை முடக்கும் நோக்குடன் எவரோ பெருந்தொகையான பொய்க் கோரிக்கைகளை அனுப்பினர். அதனைத் தாங்குவதற்காகச் சேமிப்பு விதிகள் அவசர அவசரமாக மாற்றப்பட்டன. அவ்விதிகளுள் ஒன்று பிழையாக அமைந்தமையால், அடையாளம் காட்டி உட்புகுந்தவர்களின் சொந்தப் பக்கங்களும் சேமிக்கப்பட்டுப் பிறருக்குக் காட்டப்பட்டன. ஏறத்தாழ 34,000 பேருடைய விவரங்கள் இவ்வாறு பிறர் கண்ணிற் பட்டிருக்கக்கூடும் என்று அத்தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனம் பின்னர் அறிவித்தது. காவலுக்கென வைத்த ஏற்பாடே அந்தரங்கத்தைக் காட்டிக்கொடுத்தது.

மூன்றாவது, ஒன்று மற்றொன்றின் கணக்கைக் குழப்புதல். ஓர் அம்சம், மூன்று முறை தவறான கடவுச்சொல்லைக் கொடுத்தவரின் கணக்கைப் பூட்டிவிடுகின்றது. திருடரிடமிருந்து காக்கும் ஏற்பாடு அது. மற்றோர் அம்சம், யாதேனும் ஒரு செயல் தவறினால் தானாகவே மும்முறை முயன்று பார்க்கின்றது. பழுதான இணைப்பைச் சமாளிக்கும் ஏற்பாடு இது. இவ்விரண்டையும் சேர்த்து நெய்தால், ஒரு முதியவர் ஓரெழுத்தை ஒருமுறை பிழையாகத் தட்டினாற் போதும். செய்நிரல் அவருக்காக மும்முறை முயலும். பூட்டும் அம்சம் மூன்று என எண்ணும். அவருடைய கணக்கு பூட்டப்படும். ஓய்வூதியப் பணத்தை எடுக்க வந்தவர் காரணமறியாது வெறுங்கையுடன் திரும்ப நேரிடும். வங்கி எழுதுவினைஞருக்கும் அக்காரணம் தெரியாது.

நான்காவது, முடிவிலாச் சுழல். நிகழும் ஒவ்வொரு செயலையும் குறிப்பேட்டிற் பதிக என்பது ஓர் அம்சத்தின் விதி. குறிப்பேட்டிற் பதியப்படும் ஒவ்வொன்றையும் காவற் செயலொன்றினாற் சோதிக்க என்பது மற்றொன்றின் விதி. பதிந்தவுடன் சோதனை நிகழும். சோதனையும் ஒரு செயலாதலின் அது பதியப்படும். பதிந்தமையால் மீண்டும் சோதனை நிகழும். இவ்வாறு ஒன்றையொன்று எழுப்பிக்கொண்டே சென்று, கணினியின் நினைவகம் நிரம்பியபின் செய்நிரல் விழுந்துவிடும்.

இத்தகைய குறுக்கீடுகளை முன்கூட்டியே கண்டுபிடிப்பது எவ்வாறு? எல்லாவற்றையும் சேர்த்து இயக்கிப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று நேயர்கள் வினவலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அதன் அருமை விளங்கும். பத்து அம்சங்கள் இருப்பின், இரண்டிரண்டாக எடுத்தாற் கிடைக்கும் இணைகள் 45. இருபது அம்சங்கள் இருப்பின் 190. இவை மனிதர் உட்கார்ந்து ஆராயக்கூடிய தொகைகளே. ஆனால் ஒரே இடத்தில் ஐந்து அம்சங்கள் சந்தித்தால் அவற்றை வரிசைப்படுத்தும் முறைகள் 120. பத்து சந்தித்தால் அத்தொகை 36 இலட்சத்தையும் தாண்டும். ஒவ்வொன்றையும் இயக்கிப் பார்ப்பது இயலாத காரியம். ஆதலால் இயக்குமுன்னரே எழுத்தைக் கொண்டு ஆராயும் வழிகளை அறிஞர் வகுத்தனர்.

முதல் வழி, எந்தெந்த அம்சங்கள் ஒரே இடத்தைத் தொடுகின்றன என்று பட்டியல் எழுதுதல். நெசவு செய்யும் செய்நிரலுக்கு இது தெரியுமாதலின், அதனிடமிருந்தே பட்டியலைப் பெறலாம். முறைவரிசையால் நேரும் பிழைகள் பல இதிலே அகப்படும். ஆயினும் முன்னர் கூறிய தொலைபேசித் தடையைப்போல, இரண்டு அம்சங்கள் வெவ்வேறிடத்தில் நின்றுகொண்டே ஒன்றையொன்று கெடுக்குமாயின், இப்பட்டியல் அதனைக் காட்டாது.

இரண்டாவது வழி, ஒவ்வோர் அம்சமும் எப்பொருளைப் படிக்கின்றது, எதனை மாற்றுகின்றது, எதனை நிறுத்துகின்றது என்று எழுதி வைத்தல். ஒல்லாந்திலுள்ள டுவென்டே பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் இவ்வழியை விரித்து ஆராய்ந்தனர். பொதுப்பொருள் ஒவ்வொன்றின்மீதும் நிகழும் செயல்களை வரிசையாக எழுதி, இன்ன வரிசை ஆகாது என்று விதி வகுத்துவிட்டால், அவ்வரிசை தோன்றும் இடத்தைக் கணினியே சுட்டிக்காட்டும். கடவுச்சொல்லை மறைப்பதற்கு முன் அதனைப் பதிதல் ஆகாது என்பது அத்தகையதொரு விதி. தவறு எண்ணும் கணக்கை இரு அம்சங்கள் தொடுகின்றன என்பதும் இம்முறையில் வெளிப்படும்.

மூன்றாவது வழி மிகவும் கடுமையானது. இஸ்ரவேல் நாட்டில் ஹைபா நகரத்துத் தெக்னியன் கல்விக்கழகத்தைச் சேர்ந்த ஷ்முவேல் கட்ஸ், எமிலியா கட்ஸ் ஆகியோர் இதனை வளர்த்தனர். இதன்படி ஒவ்வோர் அம்சமும் இரண்டு வாக்குமூலங்களை அளித்தல் வேண்டும். ‘எனக்கு முன்னர் இன்ன நிலைமை இருக்க வேண்டும்’ என்பது ஒன்று. ‘எனக்குப் பின்னர் இன்ன நன்மை விளையும்’ என்பது மற்றது. இவற்றைத் தர்க்கமொழியில் எழுதியபின், ஓர் அம்சம் மற்றோர் அம்சத்தின் தேவையைக் குலைக்கின்றதா, அல்லது அதனால் விளைந்த நன்மையை அழிக்கின்றதா என்று இணை இணையாகச் சோதிக்கலாம். அவர்கள் முறையின் சிறப்பு யாதெனில், மூலச் செய்நிரலைக் காணாமலே அம்சங்களின் தொகுதியொன்றைச் சோதித்துவைக்க இயலுவதாகும். புதிய அம்சமொன்று வரும்போது, அதற்கும் பழையவற்றுக்கும் இடையிலான சோதனையை மட்டும் செய்தாற் போதும்.

இங்கே பலர் ஏமாந்துபோகும் ஓரிடம் உண்டு. அம்சங்களுட் சில வெறும் பார்வையாளர். சில நிகழ்ச்சியை நிறுத்தவும் நெறிப்படுத்தவும் வல்லவை. சில பொருள்களின் பெறுமானங்களையே மாற்றுபவை. பார்வையாளர் எதனையும் மாற்றுவதில்லை. ஆகவே அவற்றால் தீங்கில்லை என்று எண்ணத் தோன்றும். கடவுச்சொற்களை வெளிப்படுத்திய குறிப்பேடோ வெறும் பார்வையாளரே. அது எதனையும் மாற்றவில்லை. காணத்தகாததைக் கண்டு, எழுதத்தகாததை எழுதி வைத்தது, அவ்வளவே. தீங்கு என்பது மாற்றத்தினால் மட்டும் வருவதன்று.

குறுக்கீட்டைக் கண்டுபிடித்தல் ஒன்று. அதனைத் தீர்த்தல் வேறொன்று. இரண்டும் ஒரே பொருளைத் தொடுகின்றன என்று கணினி சொல்லும். எது முந்த வேண்டும் என்பதை மனிதரே தீர்மானித்தல் வேண்டும். சிலவிடத்து வரிசையை விதித்தாற் போதும். சிலவிடத்து இரண்டும் ஒருங்கே வரலாகாது என்று விலக்க வேண்டும். சிலவிடத்து ஓரம்சத்தையே மாற்றி எழுத வேண்டும். கடவுச்சொல் தவறு என்ற விடை வந்தால் மீண்டும் முயலாதே, இணைப்பு அறுந்தால் மாத்திரம் முயல்க என்று திருத்தினால், அந்த முதியவரின் கணக்கு பூட்டப்படாது. வேறு சிலவிடத்துக் குறுக்கீடு வேண்டியதேயாகும். உட்புக உரிமையற்றவரைச் சோதனை அம்சம் தடுத்தமையால் பணமாற்றம் நிகழாது போவது பிழையன்று. அதுவே அதன் தொழில். இத்தீர்மானங்களுக்கு அம்சங்களின் நோக்கம் தெரிந்திருத்தல் வேண்டும். நோக்கமோ எழுதியவரின் மனத்தில் இருக்கின்றது. எழுத்தில் வைக்கப்படாவிடின் அவருடன் அது போய்விடும்.

தீர்மானியாது விட்டால் என்னாகும்? ஆஸ்பெக்ட்-ஜே கருவியிலே இரு அம்சங்கள் ஒரே இடத்திற் சந்தித்து, அவற்றின் முறைவரிசை விதிக்கப்படாதிருக்குமாயின், எது முந்தும் என்பதற்கு உறுதியில்லை. ஸ்பிரிங் கட்டமைப்பிலும் நிலைமை அவ்வாறே. இன்று சரியாக நடந்தது, கருவியின் புதிய பதிப்பு வந்தபின் வேறுவிதமாக நடக்கலாம். பரீட்சையிலே தேறிய செய்நிரல், பாவனைக்கு வந்தபின் தவறலாம். அதனால் வரிசையை வெளிப்படையாக எழுதிவைப்பது அனுபவசாலிகளின் முதல் விதியாயிற்று.

இவற்றிலிருந்து கொள்ளத்தக்கது யாது? பகுதிகள் நல்லவையாயிருத்தல் போதாது. அவை கூடும் இடங்களும் ஆராயப்படுதல் வேண்டும். அவ்விடங்களுக்குத் தனியே உரிமையாளர் எவருமில்லை என்பதே எல்லாத் துன்பத்துக்கும் வேர். குறிப்பேட்டை எழுதியவர் குறிப்பேட்டுக்குப் பொறுப்பாளி. மறைப்பை எழுதியவர் மறைப்புக்குப் பொறுப்பாளி. இரண்டுக்கும் இடையிலுள்ள வெளிக்கு எவர் பொறுப்பாளி? புதிய அம்சமொன்றைச் சேர்க்குமுன், இது எதனை எதிர்பார்க்கின்றது, எதனைத் தொடுகின்றது, எவருக்கு முன்னும் பின்னும் நிற்க வேண்டும் என்னும் மூன்று வினாக்களுக்கும் எழுத்தில் விடை கேட்க ஒருவர் நியமிக்கப்பட வேண்டும். அவ்விடைகள் கிடையாவிடின் நெசவைத் தொடங்காதிருக்கும் அதிகாரமும் அவருக்கு இருத்தல் வேண்டும். இன்று பணமும் மருந்துச் சீட்டும் பரீட்சைப் பெறுபேறும் இத்தகைய செய்நிரல்களின் வழியாகவே மக்களை வந்தடைகின்றன. அவற்றை நம்பியிருப்போர், உள்ளே எத்தனை அம்சங்கள் நெய்யப்பட்டிருக்கின்றன என்பதை அறியார். அறியவேண்டிய கடமையும் அவர்களுக்கில்லை. அக்கடமை நெய்பவருடையது.